கட்டாந்தரையா, கத்தியா? தாய்க்கு வேண்டியது தேர்ந்த கை!

செஞ்சிக் கோட்டைக்கு 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலகப் பெருமை வந்து சேர்ந்தது. மராட்டியர் காலப் படைத்தளங்கள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோ ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றே. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்த அந்தக் கோட்டையை நாயக்கர் ஆண்டனர். பீஜப்பூர்ப் படை பிடித்தது. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயர் வசமாயிற்று. 1714இல் தேசிங்கு களத்திலே மாண்டான். 1750இல் பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1761இல் ஆங்கிலேயர் வந்தனர். இவ்வளவு வரலாறு படைத்த ஊருக்குப் பெருமை வந்தது கண்டு மகிழ்கிறோம்.

கோட்டையைப் பிடித்தவன் பெயரும், விட்டவன் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. அந்தப் படைகளில் நின்றவர்களைப் பெற்றெடுத்த தாய்மார்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுள் எத்தனை பேர் பிள்ளையைப் பெறும்போதே உயிர்விட்டனர் என்ற கணக்கும் இல்லை. கணக்கில் வராத அந்தச் சாவுகளைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். ஏனெனில், அந்தப் பழைய நாட்களுக்கே திரும்பலாம் வாருங்கள் என்று அழைக்கும் குரல் ஒன்று சில ஆண்டுகளாக நம் நாட்டில் கேட்கிறது.

‘மருத்துவமனை வேண்டாம், ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம்’ என்பது அந்தக் குரல். மேடையேறி முழங்குவோர் குறைவு. கைப்பேசி வழியே காதோடு காதாகப் பரப்புவோர் அதிகம். 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளந்தாய், யூடியூப் காட்சிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்த முற்பட்டதன் விளைவாகக் குருதி பெருகி மாண்டார். அடுத்த மாதமே கோவையில், வீட்டுப் பிரசவத்துக்கு ஒரே நாளில் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்தவர் கைது செய்யப்பட்டார். அத்தோடு நின்றதா? இல்லை. 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில் ஒரு கணவர், ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுவின் யோசனையைக் கேட்டுத் தம் மனைவிக்குத் தாமே பிரசவம் பார்த்தார் என்ற செய்தி வந்தது. சுகாதாரத் துறையினர் காவல் துறையிடம் புகார் கொடுத்தனர்.

இவர்களைக் கண்டபடி ஏசிவிட்டு எழுந்து போவது எளிது. அந்த வேலையை நாம் செய்யப் போவதில்லை. பெண்ணொருத்தி மருத்துவமனையின் வாசலைக் கண்டு அஞ்சுகிறாள் என்றால், அந்த அச்சம் எங்கிருந்து பிறந்தது என்று கேட்பதுதான் பொதுவாழ்வில் இருப்போரின் கடமை. கேட்டால் இரண்டு விடைகள் வருகின்றன. ஒன்று, கத்தி. மற்றொன்று, கடுஞ்சொல். இரண்டையும் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னே, ‘நம் பாட்டிமார்கள் வீட்டில்தானே பெற்றார்கள்?’ என்ற கேள்விக்கு விடை சொல்லிவிடுவோம்.

ஆம், வீட்டில்தான் பெற்றார்கள். பத்துப் பெற்றார்கள், ஐந்தைப் புதைத்தார்கள். பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்ற சொல்லை அவர்கள் விளையாட்டுக்காகவா சொன்னார்கள்? பழைய சாலைகளின் ஓரத்திலே சுமைதாங்கிக் கல் நிற்பதைத் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கு அது உதவியது. அதை நட்டது எதற்காக? வயிற்றுச் சுமையை இறக்க முடியாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக! கருவோடு மாண்டவளுக்குச் சுமைதாங்கி நடுவது தமிழகத்து வழக்கம். பாட்டிமார் சுகமாகப் பெற்றார்கள் என்று கைப்பேசியில் பாடம் நடத்துவோர், வழியோரத்துக் கற்களிடம் போய்க் கேட்கட்டும். அல்லது அவரவர் குடும்பத்திலேயே கேட்கட்டும். ‘மூத்தாள் பிள்ளைப்பேற்றிலே போய்விட்டாள், அதனால் இளையாளைக் கட்டினார்’ என்ற பேச்சு வழங்காத குடும்பம் உண்டா?

இதைச் சொல்வதால் அந்நாளைய மருத்துவச்சியை நாம் இழிவுபடுத்துவதாக எவரும் எண்ண வேண்டாம். அவளிடம் கைத்திறன் இருந்தது. வலியிலே துடிக்கும் பெண்ணின் முதுகைத் தடவி, தைரியம் சொல்லி, நேரம் வரும்வரை பொறுத்திருக்கும் பண்பு இருந்தது. ஆனால் இந்தச் சமுதாயம் அவளுக்கு என்ன தந்தது? நாவிதர் சமூகத்தில் பிறந்த அவள், ஊரார் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் தன் கையில் ஏந்தினாள். ஏந்திய கைக்குக் கொஞ்சம் நெல்லும் பழைய புடைவையும் கொடுத்து, வாசலுக்கு அப்பால் நிறுத்தினார்கள். பிள்ளை பிறக்கும் அறையே தீட்டு, பெற்றவள் தீட்டு, எடுத்தவளும் தீட்டு! காற்றும் வெளிச்சமும் புகாத மூலையில் பெற்றவளைக் கிடத்தினார்கள். எடுத்தவளுக்குப் படிப்பில்லை, கருவியில்லை, மருந்தில்லை, மதிப்புமில்லை. அவளுடைய அறிவு வளராமல் போனதற்குச் சாதியும் தீட்டும் காரணமேயன்றி, அவள் காரணமல்ல.

மருத்துவர்கள் மட்டும் எல்லாம் அறிந்தே பிறந்தார்களா? வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். மற்றதில் மருத்துவச்சிகள் பயின்றனர். மாணவர்கள் பயின்ற பகுதியில்தான் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு அதிகமாக மடிந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேர்! அங்கே சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினர். ஏன் இந்த வேறுபாடு? பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்தனர். இதைக் கண்டறிந்த செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், 1847இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். சாவு சரசரவெனக் குறைந்தது. அவரை அன்றைய மருத்துவ உலகம் கொண்டாடவில்லை, ஏளனம் செய்தது. பெண்கள் அஞ்சியது மூடத்தனமல்ல. அவர்கள் அச்சத்தில் உண்மை இருந்தது. அந்த உண்மையைத் தேடிக் கண்டு திருத்தியது அறிவியல். இன்றும் நாம் செய்ய வேண்டியது அதுவே.

தமிழகம் இதில் பின்தங்கிய நாடல்ல. சென்னை எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையின் வரலாறு 1844இல் தொடங்குகிறது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, சட்டமன்றத்துக்குள் நுழைந்து தேவதாசி முறைக்கு முடிவு கட்டப் போராடினார். மகப்பேற்று மருத்துவத்தில் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பயின்ற நூலை எழுதியவர், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். செவிலியர், மருத்துவச்சியரைப் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926லேயே வந்தது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. வீடு வீடாக நடந்து கருவுற்றவளைப் பார்த்து எழுதிக்கொள்ளும் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அமைந்த மகப்பேறு நிதியுதவி, 2006இல் கலைஞர் ஆட்சியில் 6,000 ரூபாயாயிற்று. பின்வந்த ஆட்சிகளும் அதைக் கைவிட முடியவில்லை. 2011இல் 12,000 ஆகவும், 2018இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. 2008இல் 108 ஊர்தி ஓடத் தொடங்கியது.

பலன் என்ன? 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது: தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99.6 மருத்துவ நிலையங்களில் நடந்தன. இந்தியா முழுவதற்கும் அது 88.6. ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது எத்தனை தாய்மார்கள் சாகிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. 2018–20இல் இந்தியாவுக்கு 97, தமிழ்நாட்டுக்கு 54. பக்கத்திலிருக்கும் கேரளத்துக்கு 19. நாம் நெடுந்தூரம் வந்திருக்கிறோம். இன்னும் போக வேண்டிய தூரமும் இருக்கிறது என்பதைக் கேரளத்தின் கணக்கு காட்டுகிறது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் தாயில்லாத பிள்ளை ஒன்று இருக்கிறது.

தாய் ஏன் சாகிறாள்? குருதிப்போக்கு, இரத்தக் கொதிப்பினால் வரும் வலிப்பு, நச்சுக் கிருமி, குழந்தை வழியில் தடைபடுவது: இவை முதன்மையான காரணங்கள். பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காவிட்டால், மடை திறந்தாற்போல் குருதி பாயும். இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடக் கூடும். அதைத் தடுக்கும் ஊசி விலை மலிந்தது. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டியது. கைப்பேசியிலே பார்த்த காட்சி அந்த ஊசியைப் போடுமா? அதே குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் 100க்கு 48 பேர் சோகை பிடித்தவர்கள். உடம்பில் இருப்பதே குறைந்த குருதி. அதிலே பாதி போய்விட்டால் மிஞ்சுவது எது?

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கும் தோழர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. செஞ்சியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. நிலைமை கைமீறினால் திண்டிவனத்துக்குச் சுமார் 28 கிலோமீட்டர். முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். புதுவை ஜிப்மருக்கு 60க்கும் மேல். செஞ்சிக்கு வந்து சேருவதற்கே ஊரிலிருந்து ஒரு பயணம். வீட்டிலே எல்லாம் கெட்டபின் ஊர்தியைக் கூப்பிட்டால், அந்த இரண்டு மணி நேரம் சாலையிலேயே கரைந்துவிடும். ஆதலால் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறோம்: பயிற்சி பெற்றவர் கைவைக்காத வீட்டுப் பிரசவம் கூடாது. அது துணிச்சல் அல்ல. உயிரைப் பணயம் வைக்கும் சூது.

இனி, கத்தியின் கணக்கைப் பார்ப்போம். அதே ஆய்வில், தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 44.9 வயிற்றைக் கீறி எடுத்தவை. 2015–16இல் 34.1ஆக இருந்தது, ஐந்தே ஆண்டுகளில் இவ்வளவு ஏறியிருக்கிறது. இந்தியாவின் சராசரி 21.5தான். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 36. தனியார் மருத்துவமனைகளில் 63.8. ஒரு நாட்டில் அறுவைப் பிரசவம் 100க்கு 10ஐத் தாண்டினால், தாண்டியதற்கேற்பத் தாய் சேய் உயிர்கள் கூடுதலாகக் காக்கப்படுவதாகத் தெரியவில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் அறிவித்தது. 10 எங்கே, 63 எங்கே?

கத்தியை நாம் பழிக்கவில்லை. தக்க நேரத்தில் கீறிய கத்தி எத்தனையோ தாய்மார்களையும் குழந்தைகளையும் காத்திருக்கிறது. அது இல்லாதிருந்தால் இன்னும் பல சுமைதாங்கிகள் நட்டிருப்போம். தேவையில்லாத இடத்தில் விழும் கத்தியைத்தான் கேட்கிறோம். இயல்பான பிரசவத்துக்குப் பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். கத்திக்கு ஒரு மணி நேரம் போதும். இயல்பான பிரசவத்துக்குக் கட்டணம் குறைவு, கத்திக்கு அதிகம். ஏதேனும் நேர்ந்தால் வழக்கு வருமோ என்ற அச்சம் மருத்துவருக்கு. இவற்றோடு சோதிடர் வேறு! இன்ன நட்சத்திரத்தில், இன்ன ஓரையில் பிறந்தால் பிள்ளை அரசாளும் என்று குறித்துக் கொடுக்கிறார். குறித்த நேரத்துக்குத் தாயின் வயிறு கீறப்படுகிறது. அறிவியல் தந்த கத்தியை அஞ்ஞானத்தின் கையிலே கொடுக்கும் இந்தக் கொடுமை, படித்தவர் வீட்டிலும் நடக்கிறது என்பதுதான் வேதனை.

விலை கொடுப்பது யார்? உழைக்கும் பெண்! மல்லாட்டை பிடுங்கப் போகிறவள், நாற்று நடுகிறவள், செங்கல் சூளையில் சுமக்கிறவள், கீறிய வயிற்றோடு எத்தனை நாளில் வேலைக்குத் திரும்புவாள்? அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 2021இல் ஓராண்டாக உயர்ந்தது; வரவேற்றோம். 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு 26 வாரமாயிற்று. ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த கடைக்கு அது பொருந்தாது. வயலுக்கும் சூளைக்கும் வருகைப் பதிவேடு ஏது? விடுப்பு ஏது? ஒருமுறை கீறிய வயிற்றில் அடுத்த பேறு இன்னும் இடர் மிகுந்தது என்பதையும் மருத்துவம் சொல்கிறது. தேவையில்லாத ஒரு கீறல், அவளுக்கு வாழ்நாள் கடனாகிவிடுகிறது.

கத்தியைவிட ஆழமாகக் குத்துவது கடுஞ்சொல். வலி பொறுக்காமல் கூவினால் அதட்டல், அசைந்தால் அடி, கேட்க நாக் கூசும் ஏச்சு. மல்லாந்தே படுக்க வேண்டும். எழுந்து நடக்கக் கூடாது. என்ன செய்யப் போகிறார்கள் என்று எவரும் சொல்வதில்லை. பிள்ளை பிறந்த கையோடு கருத்தடைச் சாதனம் பொருத்துவதற்கும் அவளிடம் முறையாகக் கேட்பதில்லை என்ற குறை இருக்கிறது. ஆணா, பெண்ணா என்று சொல்வதற்கே கையை நீட்டும் ஊழியர்கள் இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. தன் தூக்கத்தைத் தொலைத்து, ஒருத்தியாக நின்று நான்கு பிரசவங்களைப் பார்க்கும் செவிலியரை நாம் அறிவோம். அவருக்குத் தலை வணங்குகிறோம். ஒருத்தி செய்ய வேண்டிய வேலையை நால்வர் செய்ய வேண்டிய அளவுக்கு ஏற்றிவிட்டு, அவர் முகம் சுளித்தார் என்று குற்றம் சாட்டுவதும் நேர்மையல்ல. ஆனால் அடிபட்டவளுக்கு இந்தக் காரணங்கள் ஆறுதலாகுமா? அவள் அடுத்த பேற்றுக்கு வீடே மேல் என்கிறாள். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் குரு ஒருவர் தோன்றுகிறார்.

இங்கே ஒன்றைத் தோழர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். கத்திக்காரரிடமும் கட்டாந்தரைக்காரரிடமும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இருவரும் பெண்ணைக் கேட்பதில்லை! அங்கே மருத்துவர் முடிவு செய்கிறார், கணவர் கையெழுத்திடுகிறார், சோதிடர் நேரம் குறிக்கிறார். இங்கே கணவர் கைப்பேசியைப் பார்க்கிறார்; அவரே கொள்கை வகுக்கிறார்; அவரே தொப்புள்கொடியை அறுக்கிறார். வயிறு அவளுடையது, வலி அவளுடையது, உயிர் அவளுடையது. முடிவு மட்டும் வேறொருவருடையது! வீட்டுப் பிரசவம் பெண்ணின் உரிமை என்று முழங்குவோரைக் கேட்கிறோம்: உங்கள் வாட்ஸ்அப் குழுவிலே தீர்மானித்தது அந்தப் பெண்ணா, அவள் கணவனா?

கருவைத் தாங்குவதும் தவிர்ப்பதும் பெண்ணின் முடிவாக இருக்க வேண்டும் என்று தந்தை பெரியார் சொன்னபோது நாடே அதிர்ந்தது. மற்றவர்கள் மக்கள்தொகைக்காகவும் குடும்பப் பொருளாதாரத்துக்காகவும் கருத்தடையைப் பேசினர். பெண்ணின் விடுதலைக்காக அதைப் பேசியவர் பெரியார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் நூலில் கர்ப்பத்தடைக்கு ஓர் இடமே கொடுத்தார். பெறுவதா வேண்டாமா என்பது அவள் உரிமை என்றால், எப்படிப் பெறுவது, யார் துணையோடு பெறுவது என்பதும் அவள் உரிமைதானே? பெரியாரின் வழி வந்தோர் இதில் தடுமாற முடியாது.

அப்படியானால் வீட்டிலே பெற விரும்பும் பெண்ணுக்கு என்ன விடை? வெளிநாட்டைப் பார்ப்போம். நெதர்லாந்து நாட்டில் அண்மை ஆண்டுகளிலும் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வீட்டிலேயே பெறுகிறார்கள். அங்கே வீட்டுக்கு வருவது யார்? ஆண்டுக்கணக்கில் படித்து, பதிவு பெற்ற மருத்துவச்சி. கருவுற்ற நாள்முதல் அவளைச் சோதித்து, இடர் இல்லாதவளுக்கே வீட்டை ஒப்புகிறார். இடர் கண்டால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புகிறார். இங்கிலாந்தில் 1902லேயே மருத்துவச்சியர் சட்டம் வந்தது. அங்கே இடர் குறைந்த சுமார் 64,000 பிரசவங்களை ஆராய்ந்து 2011இல் ஓர் அறிக்கை வந்தது. முதல் பிள்ளையை வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களின் குழந்தைகளுக்கு 1,000க்கு 9 என்ற அளவில் கேடு நேர்ந்தது, மருத்துவமனையில் 5. இரண்டாம் பிள்ளைக்கு மேல் அந்த வேறுபாடு இல்லை. எல்லா வசதியும் உள்ள இங்கிலாந்திலேயே தலைப்பிரசவத்துக்கு வீடு இவ்வளவு இடர் என்றால், செஞ்சி வட்டத்துச் சிற்றூரில் என்னவாகும்?

அந்த அறிக்கை இன்னொன்றும் சொன்னது. நமக்கு அதுதான் முக்கியம். மருத்துவச்சியரே பொறுப்பேற்று நடத்தும் பிரசவ நிலையங்களில் குழந்தைகளுக்கு இடர் கூடவில்லை. தாய்மார்களுக்குக் கத்தியும் குறைந்தது. வீட்டின் அமைதியும் கிடைத்தது. மருத்துவமனையின் காவலும் கிடைத்தது. ஆக, காத்தது சுவரல்ல. சுவருக்குள்ளே நின்ற தேர்ந்த கை!

இந்தியாவுக்கு இது ஆகாத காரியமா? தெலங்கானாவில் கத்தி தமிழ்நாட்டையும் மிஞ்சி ஓடியது. ஐந்தாவது ஆய்வில் 100க்கு 60.7. அங்கே 2017இல் கரீம்நகரில் 30 செவிலியர்களுக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் தேர்ந்த மருத்துவச்சியராக அவர்களை அமர்த்துவது நோக்கம். 2018 டிசம்பரில் ஒன்றிய அரசும் மருத்துவச்சிப் பணிக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெருநகரங்களில் பணம் படைத்தோர்க்குத் தனியார் பிரசவ மையங்கள் வந்துவிட்டன. நீர்த்தொட்டி உண்டு, மெல்லிசை உண்டு, கூடவே நின்று கைப்பிடிக்கும் மருத்துவச்சி உண்டு. கட்டணம் கட்டக்கூடியவளுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கிறது. மூட்டை சுமக்கும் தோழரின் மனைவிக்கு மட்டும் கத்தியும் கட்டாந்தரையுமா? விருப்பம் என்பது விலைக்கு விற்கும் பண்டமாகிவிட்டால், ஏழைக்கு அது எட்டுமா?

ஆகவே, ஆட்சிப் பொறுப்பில் எவர் இருப்பினும் அவர்முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை.

முதலாவது, செஞ்சி போன்ற வட்டத் தலைநகரங்களின் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும், மருத்துவச்சியர் பொறுப்பேற்று நடத்தும் பிரசவப் பகுதி வேண்டும். பக்கத்து அறையில் மருத்துவரும், குருதியும், அறுவைக் கூடமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, பிரசவ அறையில் உடனிருக்கப் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2004இலேயே வந்தது. தாய் விரும்பும் துணை, நடமாடும் உரிமை, விரும்பிய நிலையில் பெறும் உரிமை ஆகியவற்றை உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. இவை சுவரொட்டியில் மட்டும் இருந்தால் போதாது. அறைக்குள்ளும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எத்தனை பிரசவம், அதில் எத்தனை கத்தி என்ற கணக்கை ஒவ்வொரு மருத்துவமனையும், குறிப்பாகத் தனியார் மருத்துவமனை, வாசலிலே எழுதி வைக்க வேண்டும். தங்கத்துக்கு விலைப்பலகை வைக்கும் நாட்டில் தாயின் வயிற்றுக்கு ஒரு கணக்குப் பலகை வைக்கக் கூடாதா?

நான்காவது, காலியாகக் கிடக்கும் செவிலியர் இடங்களை நிரப்ப வேண்டும். ஒப்பந்தக் கூலியாக அவர்களை வாட்டுவது நிற்க வேண்டும். உழைப்பவரை அவமதித்துவிட்டு, அவர் கையில் கனிவை எதிர்பார்க்க இயலாது.

ஐந்தாவது, வீட்டிலே பெற்ற தாயைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது. பொய்யைப் பரப்பிப் பணம் பார்ப்பவர்மீது சட்டம் பாயட்டும். தாய்மீது பாய்ந்தால், அடுத்த பெண் குருதி பெருகும்போதும் வெளியே சொல்ல அஞ்சுவாள். வீட்டிலே பிறந்த குழந்தையையும் 21 நாளுக்குள் தெரிவித்துப் பதிவு செய்வதற்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. பெற்றோரின் பிழைக்காகப் பிள்ளையின் சான்றிதழைப் பிடித்து வைப்பது முறையல்ல.

ஆறாவது, வயலிலும் சூளையிலும் வேலை செய்யும் தாய்க்குப் பேறுகால ஊதியம் வேண்டும். நிதியுதவி நல்லது, ஆனால் இழந்த கூலிக்கு ஈடாக அது உயர வேண்டும், வர வேண்டிய தவணை உரிய நேரத்தில் வர வேண்டும்.

ஆட்சியாளரிடம் கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. தோழர்களே, உங்களிடமும் கேட்கிறோம். மனைவி கருவுற்றால், அது பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். மாதச் சோதனைக்கு அவளுடன் செல்லுங்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும். இரும்புச்சத்து மாத்திரையை அவள் உண்டாளா என்று பாருங்கள். அதற்கு முன்னே, வீட்டிலே அவளும் வயிறார உண்டாளா என்று பாருங்கள். எந்த மருத்துவமனை, யார் துணை, எந்த ஊர்தி என்பதை வலி வருமுன்பே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். பேசுவது இருவர், முடிவு அவளுடையது. கத்திதான் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், ஏன் என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். காரணம் இருந்தால் தயங்காதீர்கள். சோதிடரைக் கேட்காதீர்கள்.

கிளைக் கழகங்கள் ஒரு வேலையை மேற்கொள்ளலாம். ஊரிலே கருவுற்ற தாய்மார்கள் எவர், அவர்களுக்குரிய நாள் எது என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் அறிவார். அவர் கேட்கும்போது நள்ளிரவிலும் வண்டி கொண்டு வர இருவர், குருதி கொடுக்க நால்வர் என்று இளைஞர்களை ஆயத்தமாக வைத்திருங்கள். தலைவர் பிறந்தநாளுக்குக் குருதிக்கொடை முகாம் நடத்தும் நமக்கு இது பெரிய காரியமல்ல. பிரசவ அறையில் ஒரு தாய் ஏசப்பட்டால், அடிக்கப்பட்டால், கையூட்டுக் கேட்கப்பட்டால், எழுத்திலே புகார் கொடுக்கத் துணை நில்லுங்கள். செவிலியர் பணிச்சுமையால் வாடினால், அவருக்காகவும் குரல் கொடுங்கள்.

ஓட்டுரிமை, சொத்துரிமை, விரும்பியவரை மணக்கும் உரிமை ஆகியவற்றைப் பெண்ணுக்குப் பெற்றுத் தர இந்த இயக்கம் நடந்த தூரம் நாடறியும். 1929 செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று தீர்மானம் இயற்றியபோது சிரித்தவர்கள் உண்டு. அறுபதாண்டு சென்று 1989இல் அது தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. சிரித்தவர்களின் பேத்திகளும் அதனால் பயன் பெற்றனர். இப்போது கேட்பது அதைவிட எளியது. பிள்ளையைப் பெறும் பெண்ணுக்கு அருகிலே படித்த கை ஒன்று. அன்பான சொல் ஒன்று. தன் உடம்பைப் பற்றிய முடிவில் முதற்குரல். இம்மூன்றும் செஞ்சியிலே கிடைத்தால் வீட்டுப் பிரசவக் குருமார்களுக்கு அங்கே வேலை இராது. கத்தியைக் காட்டிப் பணம் பறிப்போருக்கும் இராது. கிடைக்கும்வரை கேட்போம், கொடுக்கும்வரை ஓயமாட்டோம்.